குடும்பத்தோடு கன்னியாகுமரி மாவட்டம் சுற்றப் போகிறோம். பழைய தச்சுக் கருவிகள் அங்கே எங்கே கிடைக்கும்?

கேள்விக்குக் கீழே, "மூன்று நாள்தான் இருப்போம், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் கூட வருகிறார்கள், கடை பெயர் மட்டும் சொன்னால் போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். இது கடை பெயர் சொல்லி முடிகிற காரியம் இல்லை.

நான் தக்கலைப் பக்கத்துக்காரன். அப்பா மர ஆசாரி. எனக்குக் கோயம்புத்தூரில் லேத் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டை மாடியில் மரவேலை. அப்பா இறந்து பதினாறாம் நாள் முடிந்ததும் லீவு இல்லை என்று கிளம்பிவிட்டேன். அடுத்த மாதம் வீட்டை ஒழித்தபோது அவருடைய பெட்டியைத் தூக்கிப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். பதினொரு உளி, பலகையைச் சீவும் இழைப்புளி மூன்று, மரம் செதுக்கும் வாய்ச்சி ஒன்று, துளை போடும் துறப்பணம், எல்லாம் சேர்த்து 640 ரூபாய். அவருடைய முழக்கோலை அடுப்பில் வைத்ததாகச் சொன்னார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: முழக்கோல் என்பது எங்கள் பக்கத்து ஆசாரிமார் வீட்டுக்கு அளவு போடும் மரக்கோல். 24 விரல் சேர்ந்தது ஒரு கோல், இன்றைய கணக்கில் 72 சென்டிமீட்டர். அப்பா கோலின் இரண்டு முனையிலும் பித்தளைப் பூண் இருக்கும். வீட்டில் யாரையும் குறை சொல்லவில்லை. "அதை எடுத்து வையுங்கள்" என்று நான் ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

அதனால் ஊர்ப்பக்கம் எப்போது போனாலும் என் கண் உளியைத்தான் தேடும். போன மே மாதம் மனைவி, மகள், மகன், மாமியார் எல்லோருமாகப் போனோம். வாடகைக் கார், நான்கு நாள்.

முதலில் நீங்கள் கேட்ட கடை விஷயம். பழைய இரும்புக் கடையை அங்கே ஆக்கர் கடை என்பார்கள். நாகர்கோவிலில் கோட்டாறு, வடசேரிப் பக்கம் மூன்று கடையில் கேட்டேன். இரண்டில் ஒன்றுமில்லை, வந்த இரும்பு அந்த வாரமே லாரியில் போய்விடுகிறதாம். மூன்றாவது கடையில் சைக்கிள் ரிம்முக்கு அடியில் ஸ்டான்லி கம்பெனியின் இரும்பு இழைப்புளி ஒன்று கிடந்தது. நம்பர் 5, பதினான்கு அங்குலம், துருவைச் சுரண்டினால் எழுத்து தெரிகிறது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. ஆனால் கவிழ்த்துப் பார்த்தால் வாயின், அதாவது அலகு எட்டிப் பார்க்கிற பிளவின், மூலையிலிருந்து ஓரம் வரை மயிரிழை போல ஒரு விரிசல். வார்ப்பிரும்பு அப்படித்தான், கீழே விழுந்தால் அங்கேதான் விடும். வாங்கவில்லை.

நீங்களும் இழைப்புளி பார்த்தால் முதலில் வாயைப் பாருங்கள். அப்புறம் இரும்பை, அதாவது அலகை வெளியே எடுத்து நீளம் பாருங்கள். தீட்டித் தீட்டித் துளை வரைக்கும் தேய்ந்திருந்தால் உடம்புக்கு மட்டும்தான் விலை. உளியில் சரிவுப் பக்கத்துத் துரு பரவாயில்லை, தீட்டினால் போய்விடும். தட்டைப் பக்கத்தில் முனையை ஒட்டி அம்மைத் தழும்பு மாதிரிக் குழி இருந்தால் வாங்காமல் திரும்ப வைத்துவிடுங்கள், அந்த முனை ஒருநாளும் சுத்தமாக வராது. நுனி நீலம் பாய்ந்திருந்தால் யாரோ கிரைண்டரில் வைத்துச் சூடாக்கியிருக்கிறார்கள், அந்த இடத்தில் பதம் போயிருக்கும். 'காஸ்ட் ஸ்டீல்' என்று முத்திரை இருந்தால் வார்ப்பிரும்பு என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள். மூசையில், அதாவது உருக்கும் மண்குடுவையில், உருக்கி எடுத்த எஃகு என்று அதற்கு அர்த்தம். ஷெஃபீல்டில் 1740களில் ஹன்ட்ஸ்மன் என்பவர் தொடங்கிய முறை. முனை நின்று பேசும்.

மூன்றாம் நாள் பத்மநாபபுரம் அரண்மனை. சுற்றுலா வந்தவர்கள் எல்லோரும் போகிற இடம்தான், ஆனால் மரவேலைக்காரன் போனால் வெளியே வர மனசு வராது. முகப்பு மண்டபமான பூமுகத்தின் கூரையைச் சும்மா நிமிர்ந்து பாருங்கள், தொண்ணூறு பூ, ஒன்று போல ஒன்று இல்லை. அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தில் ஒரே பலாமரத்தில் கடைந்த தூண் ஒன்று நிற்கிறது. என் மகள் அதைத் தொடப்போய்க் காவலரிடம் திட்டு வாங்கினாள். "இதை எந்த மெஷின்ல செஞ்சாங்கப்பா?" என்று கேட்டாள். தாத்தா பெட்டியில் இருந்த மாதிரி உளியால்தான் என்றேன். "அந்தப் பெட்டி எங்கே?" என்றாள். சொன்னேன்.

அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம், அப்படியே திற்பரப்பு அருவி என்று திட்டம். திருவட்டாறு தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். கடைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய ஜன்னல் சட்டத்தின் மூட்டு அவ்வளவு இறுக்கமாக இருந்தது. யார் செய்தது என்று டீக்கடை அக்காவிடம் கேட்டேன். கோயிலுக்குப் பின்னால் ஒரு பாட்டா (தாத்தாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) இருக்கிறார், இப்போது வேலைக்குப் போவதில்லை என்றார்.

மனைவியிடம் ஒளிக்காமல் கேட்டேன். "அரை மணி நேரம். பிள்ளைங்களுக்கு அருவி போயிடக் கூடாது" என்றாள். உங்களுக்கும் இதையே சொல்கிறேன். சிகரெட் வாங்கப் போகிறவன் மாதிரி நழுவிப் போகாதீர்கள். நேரத்தைக் கேட்டு வாங்குங்கள், வாங்கிய நேரத்துக்குள் திரும்புங்கள்.

பாட்டாவுக்கு எண்பது இருக்கும். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பழைய சாமான் விற்பீர்களா என்று நான் கேட்கவில்லை. அந்த ஜன்னலைப் பற்றிக் கேட்டேன். "நீ யாருக்க மவன்?" என்றார். அப்பா பெயரையும் ஊரையும் சொன்னேன். அப்பாவைத் தெரியவில்லை, ஆனால் அப்பா வேலை பழகிய மூத்த ஆசாரியைத் தெரிந்திருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கச் சொன்னார். அரிசிச் சாக்கில் சுற்றி, தேங்காய் எண்ணெய் பூசி, ஒவ்வொரு உளியும் பிள்ளையைப் படுக்க வைத்த மாதிரி இருந்தது. கடல் காற்று அடிக்கிற மாவட்டத்தில் துரு ஏறாமல் இரும்பை வைத்திருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

ஓர் அங்குல உளி ஒன்றை எடுத்து என் கையில் தந்தார். "இத தீட்டிக் காட்டு, பாக்கட்டு."

எண்ணெய்க்கல் நடுவில் குழிந்திருந்தது. அவர் கை அத்தனை வருஷம் போன பாதை அது. நான் ஓரமாகப் பிடித்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, சரிவு முழுக்கக் கல்லில் படிகிற மாதிரி வைத்துத் தள்ளினேன். பின்பக்கம் பெருவிரலில் பிசிறு தட்டியதும் திருப்பித் தட்டையாக நாலு இழுப்பு. அப்புறம் உள்ளங்கையில் தடவி எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு பலாத்துண்டின் தலைப்பக்கத்தில், நார் நிற்கிற இடத்தில், வைத்து அழுத்தினார். மஞ்சளாகச் சுருள் வந்தது, பொடியவில்லை. அதைக் கீழே போடாமல் என் மகனிடம் கொடுத்தார். "மக்கா, எனக்க பயலுவ எல்லாம் வெளிநாட்டுல. இது இங்கன கெடந்து என்ன செய்ய?"

அவர் எடுத்துக் கொடுத்தது மூன்று உளி, ஒரு மர இழைப்புளி, உளியைத் தட்டும் மரச் சுத்தியலான கொட்டாப்புளி. உளியில் ஒன்று ஷெஃபீல்டு மார்ப்பிள்ஸ் கம்பெனியுடையது, அவர்களுடைய மூவிலை முத்திரை தேய்ந்து பாதிதான் தெரிகிறது. காசு வேண்டாம் என்றார். நான் 3,000 ரூபாயை அவர் மருமகள் கையில் கொடுத்தேன். முழக்கோல் ஒன்றும் சுவரில் தொங்கியது. கேட்க வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. அவர் இருக்கும் வரை அது அங்கேதான் தொங்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு, "வயசானவரிடம் குறைந்த விலைக்குப் பறித்துவிட்டு வந்தாயா" என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். நான் வாங்கியதை விற்கப் போவதில்லை. வாரா வாரம் அதில் வேலை செய்கிறேன். தீட்டிய உளியின் படம் அவர் மருமகள் போனுக்குப் போகிறது. "புது உளி செட் ஆன்லைனில் வந்துவிடுமே" என்று இன்னொருவர் வருவார். வாங்குங்கள், நல்ல புதுசும் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. மலிவான செட்டில் நாலு தட்டில் முனை மடங்கியதையும் பார்த்திருக்கிறேன்.

புதுசு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு அடுக்களையை இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாடுலர் கிச்சன் கம்பெனிதான் செய்தது. 2 லட்சத்து 40 ஆயிரம். மரம் என்று சொல்லி வைத்ததெல்லாம் மரத்தூளை அழுத்தி ஒட்டிய பலகை. சிங்க்குக்குக் கீழே இருப்பது இப்போது ஊறின பிஸ்கட் மாதிரி உப்பி நிற்கிறது. போன் செய்தால் "தண்ணீர் பட்டால் வாரண்டி கிடையாது சார்" என்கிறார்கள். அடுக்களையில் தண்ணீர் படாமல் வேறு எங்கே படும்? நானே மரவேலை தெரிந்தவன், வீட்டில் எல்லோரும் அவசரப்பட்டதால் விட்டுக்கொடுத்தேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை. வருகிற தீபாவளிக்குள் அந்தக் கதவுகளை எல்லாம் அயினி மரத்தில் மாற்றப் போகிறேன், பாட்டா உளியால்.

சரி, உங்கள் மூன்று நாளுக்கு வருவோம். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்குக் காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருவட்டாறு, குலசேகரம் பக்கம் உள்ரோட்டில் போங்கள். மரக்கடை, டீக்கடை, ஜன்னல் செய்கிற பட்டறை எங்கே பார்த்தாலும் இறங்கி, இந்த ஊரில் மூத்த ஆசாரி யார் என்று கேளுங்கள். விலை கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். குளச்சல் பக்கம் போனால் வள்ளம், அதாவது மரப்படகு, செய்தவர்கள் வீட்டையும் விசாரியுங்கள், வாய்ச்சி அங்கே கிடைக்கலாம். விமானத்தில் திரும்புவதாக இருந்தால் உளியைக் கைப்பையில் வைக்காதீர்கள், பிடுங்கிவிடுவார்கள். பழைய வேட்டியில் சுற்றி, செக்-இன் பெட்டிக்குள் நடுவில் வையுங்கள். மதியத்துக்குள் அருவிக்குப் போய்விடுங்கள், பிள்ளைகளிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே.