வாசகர் கேள்வி: ரம்பப் பல்லாக ஏறி இறங்கும் வரைபடம்

கேள்வி: 480 மி.மீ. குவியத் தூரமுள்ள தொலைநோக்கியின் மேல் 120 மி.மீ. வழிகாட்டுத் தொலைநோக்கியைப் பொருத்தியிருக்கிறேன். இரண்டிலும் கேமரா பிக்சல் ஏறத்தாழ 3.75 மைக்ரான். நட்சத்திரத்தின் விலகலைப் பார்த்துத் திருத்தும் பிஎச்டி2 மென்பொருளில் எக்ஸ்போஷர் 1 விநாடி, அக்ரெஸிவ்னெஸ் (அளந்த விலகலில் எத்தனை சதவீதத்தைத் திருத்துவது என்ற அளவு) 100. விலகலைக் காட்டும் வரைபடம் ரம்பப் பல்லாக ஏறி இறங்குகிறது. நட்சத்திரங்கள் நீண்டு பதிவாகின்றன. எதை இன்னும் கூட்ட வேண்டும்?

பதில்: கூட்ட வேண்டாம், குறையுங்கள். ஒரு விநாடியில் வழிகாட்டு கேமரா காண்பது பெரும்பாலும் காற்று மண்டலத்தின் நடுக்கத்தைத்தான். நட்சத்திரம் விலகிவிட்டதாகக் கருதி மென்பொருள், தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் மவுண்ட்டைத் தள்ளுகிறது. கட்டளை போய்ச் சேர்வதற்குள் நட்சத்திரம் தன் இடத்துக்கே திரும்பிவிடுவதால், இல்லாத பிழையைத் திருத்தப்போய் உண்மையான பிழை முளைக்கிறது. எக்ஸ்போஷரை 2 அல்லது 3 விநாடியாக்கி, அக்ரெஸிவ்னெஸ்ஸை 70 அளவுக்கு இறக்குங்கள். (ஹார்மானிக் கியர் மவுண்ட்டுகளுக்கு மட்டும் இது பொருந்தாது, அவற்றுக்குக் குறுகிய எக்ஸ்போஷரே வேண்டும்.)

அடுத்தது மினிமம் மூவ், அதாவது எவ்வளவு சிறிய விலகல் வரை திருத்தாமல் விட்டுவிடலாம் என்ற அளவு. 206 என்ற மாறிலியை 3.75ஆல் பெருக்கி 120ஆல் வகுத்தால், உங்கள் வழிகாட்டு கேமராவில் ஒரு பிக்சல் சுமார் 6.4 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3,600 ஆர்க் செகண்ட்). ஆகவே மினிமம் மூவ் 0.2 பிக்சல் என்றால் அது 1.3 ஆர்க் செகண்ட். முதன்மைக் கேமராவின் ஒரு பிக்சலான 1.6ஐ விடச் சற்றே குறைவு. இந்த மதிப்பைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாமல், பிஎச்டி2இல் உள்ள கைடிங் அசிஸ்டென்ட்டை இரண்டு நிமிடமாவது ஓடவிடுங்கள். அது திருத்தங்களை நிறுத்திவிட்டு அன்றைய வானத்தின் நடுக்கத்தை அளந்து, ஏற்ற மதிப்பைப் பரிந்துரைக்கும்.

டெக் (வடக்கு-தெற்கு) அச்சின் கதை வேறு. விநாடிக்கு 15 ஆர்க் செகண்ட் சுழல்வது ஆர்.ஏ. (கிழக்கு-மேற்கு) அச்சின் வேலை, போலார் அலைன்மென்ட்டில் (மவுண்ட்டின் அச்சை வான துருவத்துக்கு நேராக நிறுத்துவதில்) பிழை இருந்தால் டெக் அச்சில் நட்சத்திரம் ஒரே திசையில் மெதுவாக நகரும். அங்கே திருத்தங்கள் வடக்கும் தெற்குமாக மாறி மாறிப் போனால் கியரின் பேக்லாஷை (பற்களுக்கு இடையிலான தளர்வை) சந்தேகியுங்கள். டெக் கைட் மோடை ஆட்டோவிலிருந்து மாற்றி, நகர்வுக்கு எதிரான ஒரு திசைத் திருத்தத்தை மட்டும் அனுமதித்தால், பற்கள் எப்போதும் ஒரு பக்கமாகவே அழுந்தி நிற்கும். தமிழ்நாட்டில் துருவ நட்சத்திரம் தொடுவானத்துக்கு மேல் 8 முதல் 13 பாகை உயரத்தில்தான் நிற்கிறது என்பதால், அது கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்துபோகும் மொட்டைமாடிகளில் நட்சத்திரத்தின் நகர்வைப் பார்த்துச் சரிசெய்யும் டிரிஃப்ட் முறையில் அலைன்மென்ட் செய்வதே நல்லது.

வரைபடம் அமைதியான பிறகும் நட்சத்திரங்கள் நீண்டே விழுந்தால், மென்பொருளை விட்டுவிட்டு வழிகாட்டுத் தொலைநோக்கி தனியே அசையாதபடி அதைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகளை இறுக்குங்கள்.