ஜெர்மனியில் படிக்கும் மாணவர்களின் அனுபவம் உண்மையில் எப்படி இருக்கிறது?

கேள்வி கேட்டவரின் தங்கை கோவையில் பி.இ. கடைசி ஆண்டு படிக்கிறாள். ஜெர்மனியில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். குளிர், சாப்பாடு, நிறவெறி என்று ஆளுக்கொன்று சொல்லி வீட்டில் பயமுறுத்துகிறார்கள், அங்கே போனவர்கள் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்.

நான் 2023 அக்டோபரில் போனேன். மேற்கு ஜெர்மனியின் ரூர் வட்டாரத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆட்டோமேஷன் துறையில் முதுகலை. குளிருக்கு நல்ல ஜாக்கெட் வாங்கிக்கொள்ளலாம், சாப்பாட்டுக்குக் குக்கரைப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். டிசம்பரில் மாலை நாலரைக்குள் இருட்டிவிடுவது முதல் வருடம் மனதை அழுத்தும், இரண்டாம் வருடம் பழகிவிடும். என்னை உண்மையிலேயே தடுமாற வைத்தது வேறொன்று. நான் வகுப்புக்குப் போனேனா இல்லையா என்று அந்த நாட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நான் படித்த பொறியியல் கல்லூரியை நினைத்துப் பாருங்கள், உங்கள் தங்கையின் கல்லூரியும் அப்படித்தான் இருக்கும். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வீட்டுக்கு போன் வரும். மாதாமாதம் இன்டர்னல், அதற்குப் பிறகு மாடல் தேர்வு. அசைன்மென்ட் வைக்காதவர்கள் துறைத்தலைவர் அறை வாசலில் நிற்க வேண்டும். நான்கு வருடம் யாராவது ஒருவர் பின்னால் நின்று தள்ளிக்கொண்டே இருந்தார்கள். அதை எவ்வளவோ திட்டியிருக்கிறேன். அந்தக் கை விலகியபோதுதான் நான் தானாக நடந்ததே இல்லை என்று தெரிந்தது.

நான் எடுத்த பாடங்கள் பெரும்பாலானவற்றில் வருகைப்பதிவும் கிடையாது, இன்டர்னலும் கிடையாது. அக்டோபர் நடுவில் வகுப்பு தொடங்கி பிப்ரவரித் தொடக்கத்தில் முடியும். அதன் பிறகு ஒரே ஒரு தேர்வு, ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ. மொத்த மதிப்பெண்ணும் அதில்தான். 1.0 என்றால் மிகச் சிறப்பு, 4.0 என்றால் தட்டுத்தடுமாறித் தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. பெரும்பாலான இடங்களில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறையும் போய்விட்டால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள். பொதுவாக அதே படிப்பை ஜெர்மனியில் வேறெங்கும் தொடரவும் முடியாது. இதை ஊரில் இருந்தபோது எனக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் தங்கைக்கு இன்றே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் படிப்பை ஈ.சி.டி.எஸ். என்ற கிரெடிட் முறையில் அளக்கிறார்கள். ஜெர்மனியில் பொதுவாக ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு. என் பாடங்களில் பல ஆறு கிரெடிட், அதாவது 180 மணி நேரம். அதில் வகுப்பறையில் உட்காருவது சுமார் 60 மணி நேரம்தான். மீதி 120 மணி நேரத்தை நாமே நம் மேசையில் உட்கார்ந்து படிப்போம் என்று நம்பித்தான் பாடத்திட்டத்தையே போட்டிருக்கிறார்கள். வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம்தான் வகுப்பு என்று முதல் வாரத்தில் அட்டவணையைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நான், மீதி நேரத்தை வேலைக்குக் கொடுத்துவிட்டேன்.

வேலைக்குப் போகாமலும் முடியவில்லை. நான் போன வருடம் விசாவுக்குப் பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், 11,208 யூரோ கட்ட வேண்டியிருந்தது, அன்றைய மதிப்பில் சுமார் பத்து லட்சம் ரூபாய். அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் கட்டினார். அதிலிருந்து மாதம் 934 யூரோ நம் கைக்கு வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் போக அது தீர்ந்துவிடும், ஆனால் ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். சனி, ஞாயிறு இரவுகளில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போனேன். திங்கள் காலைப் பயிற்சி வகுப்பில் கண் சொக்கியது. பிறகு திங்கள் வகுப்பையே விட்டேன். யாரும் கேட்கவில்லை.

முதல் தேர்வு முடிவு இணையத்தில் வந்தபோது கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்துக்கு நேரே 5.0 என்று இருந்தது. பள்ளியிலிருந்து அதுவரை நான் எதிலும் தோற்றதில்லை. அப்பாவிடம் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன்.

உண்மையை முதலில் சொன்னது, தெருமுனையில் மளிகைக்கடை வைத்திருந்த ஈழத்தமிழர் ஒருவரிடம். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கறிவேப்பிலையும் மரவள்ளிக்கிழங்கும் வாங்கப் போனால், "என்ன பிள்ளை, சோதனை எப்படி?" என்பார். பரீட்சைக்கு அவர்கள் ஊரில் சோதனை என்றுதான் பெயர். அன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் அழுதுவிட்டேன். அவர் 1985இல் விமானத்தில் கிழக்கு பெர்லினுக்கு வந்து, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்கு ரயிலில் கடந்தவர். அந்த ஆண்டுகளில் ஈழத்திலிருந்து ஏராளமானோர் வந்த வழி அது. அகதி விண்ணப்பம் முடிவாகும்வரை தங்கியிருந்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி கிடையாது. பக்கத்து ஊரில் இருந்த தம்பியைப் பார்க்க அலுவலகத்தில் எழுதிக் கேட்க வேண்டும். மொழி தெரியாமல், எழுதத் தெரிந்த ஒரு ஜெர்மானியப் பாட்டியின் கதவைத் தட்டிக் கேட்டு எழுதி வாங்கினாராம். அந்தப் பாட்டிதான் பிறகு அவருக்கு மொழியும் கற்றுக்கொடுத்தவர். இதைச் சொல்லிவிட்டு, "நீர் போய் ஒருக்கால் அவர்களிடம் கேட்டீரா, எங்கே பிழை என்று?" என்றார். நான் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

கேட்பதற்கு அங்கே முறையான ஓர் ஏற்பாடே இருக்கிறது. ஐன்ஸிக்ட் என்பார்கள். தேர்வு முடிவு வந்த பிறகு ஒரு நாள் குறித்து, திருத்திய விடைத்தாளை நம் முன்னால் வைப்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பார்வையிடுதல் என்றும் பொருள், புரிந்துகொள்ளுதல் என்றும் பொருள். நம் ஊரில் விடைத்தாள் நகல் வாங்கினால் மறுமதிப்பீட்டுக்குப் போகிறோம், மதிப்பெண்ணுக்குச் சண்டை போடப்போகிறோம் என்று அர்த்தம். ஆசிரியரிடம் தாளைக் காட்டு என்பதே மரியாதைக் குறைவாகத் தோன்றும் வளர்ப்பு என்னுடையது. மொராக்கோவிலிருந்து வந்த என் பக்கத்து அறைத் தோழிதான், "உன் தாளை நீயே பார்க்காமல் அடுத்த முறை எதை வைத்துப் படிப்பாய்?" என்று திட்டி, மின்னஞ்சல் அனுப்ப வைத்தாள். மறுநாளே பதில் வந்தது. வியாழன் பத்து மணி, இருபது நிமிடம், அடையாள அட்டை கொண்டுவரவும்.

அந்த இருபது நிமிடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு சிறிய அறை. ஜன்னலோரம் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் உதவியாளர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு, பென்சிலையும் போனையும் பையில் வைக்கச் சொன்னார். எட்டு மதிப்பெண் கேள்வி ஒன்று. ஓர் அமைப்பின் சமன்பாட்டைக் கொடுத்து, இது நிலையானதா, காரணம் கூறுக என்று கேட்டிருந்தார்கள். அந்தச் சமன்பாடு ஒரு பின்னம். மேலே ஒரு காரணி இருந்தது, கீழேயும் அதே காரணி. பத்தாம் வகுப்பிலிருந்து பழகிய கை, இரண்டையும் அடித்துவிட்டது. மிச்சமிருந்த எளிய சமன்பாட்டை வைத்து வரையறை, படம், அட்டவணை என்று இரண்டு பக்கம் எழுதி, நிலையானது என்று அடிக்கோடும் போட்டிருந்தேன். பதினாறு மதிப்பெண் கேள்விக்குப் பக்கம் நிரப்பப் பழகிய நேர்த்தி அது. எழுத்தெல்லாம் மணிமணியாக இருந்தது.

அந்த இரண்டு பக்கத்தில் ஒரு குறியும் இல்லை. நான் காரணியை அடித்த இடத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல்: ஏன்?

எட்டுக்கு ஒன்றரை. அந்தக் காரணிதான் அமைப்பின் நிலையற்ற பகுதி என்று உதவியாளர் விளக்கினார். ஒரு தொட்டிக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, நாம் பார்க்கும் மீட்டரில் மட்டும் அது தெரிவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முள் அசையவில்லை என்பதற்காகத் தொட்டி பத்திரமாக இருக்கிறது என்று எழுதுவீர்களா? காகிதத்தில் அடித்துவிடலாம், தொட்டிக்குள் அடிக்க முடியாது. அதைச் சொல்லும் மூன்று வரிக்குத்தான் இந்தக் கேள்வியின் மதிப்பெண்ணில் பாதி என்றார். அவர் குரலில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. நான் கேட்டேன், அவர் சொன்னார், அவ்வளவுதான். இருபது நிமிடம் முடிந்த பிறகும் இன்னொரு கேள்விக்கு விளக்கம் கேட்டேன், உட்கார வைத்துச் சொன்னார்.

அன்று இரவு அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மறுபடி எழுத எவ்வளவு கட்ட வேண்டும்?" என்றார். ஒன்றும் கட்ட வேண்டியதில்லை என்றேன். "அப்படியானால் எழுதும்மா, இதற்கா இத்தனை நாள் மறைத்தாய்?" என்றார்.

கிடங்கு வேலையை விட்டேன். பேராசிரியர்கள் வாரத்தில் ஒரு மணி நேரம் மாணவர்களுக்கென்று அறைக்கதவைத் திறந்துவைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் போய்க் கேட்கத் தொடங்கினேன். முதல் சில தடவை கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். பல நாள் அந்த அறை வாசலில் நான் ஒருத்திதான். இரண்டாவது செமஸ்டரில் ஓர் ஆய்வகத்தில் மாணவ உதவியாளர் வேலை இருக்கிறதா என்றும் கேட்டேன், இரண்டு இடத்தில் இல்லை என்றார்கள், மூன்றாவது இடத்தில் கிடைத்தது. அந்தப் பாடத்தை மறுபடி எழுதி 2.3 வாங்கினேன். கடைசி வகுப்பு முடிந்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்கள். அங்கே கைதட்டல் அப்படித்தான். என் கை வலிக்கும்வரை தட்டினேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளாக்டு அக்கவுண்ட் தொகை 2024 செப்டம்பரிலிருந்து 11,904 யூரோ ஆனது, விண்ணப்பிக்கும் நேரத்தில் எவ்வளவு என்று தூதரகப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ் 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம், அதை முதல் வேலையாகத் தொடங்கச் சொல்லுங்கள். ஜெர்மனியில் எங்குமே கல்விக் கட்டணம் இல்லை என்று ஏஜென்ட்டுகள் சொல்வதை நம்பாதீர்கள். நான் படித்த நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் கல்விக் கட்டணம் இல்லை, எல்லா மாணவர்களும் கட்டும் செமஸ்டர் பங்களிப்பு மட்டும் கட்டினேன். பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டர் முதல் கட்டணம் வாங்கத் தொடங்கிவிட்டது. 2024 மார்ச் முதல் வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். அந்த 140ஐயும் நிரப்பிவிட வேண்டும் என்று நினைத்தால் படிப்பு போய்விடும், என் கதை அதுதான்.

நிறவெறி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். வகுப்பறையில் எனக்கு நேர்ந்ததில்லை. வீடு தேடும்போது நேர்ந்தது. நாற்பது மின்னஞ்சலுக்கு இரண்டு பதில். ஒரு வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்டதும் அறை போய்விட்டது என்றார், விளம்பரம் இரண்டு வாரம் அப்படியே இருந்தது. அந்த வலி இன்னும் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்த அன்றே மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், வரிசை நீளம். நேரில் பார்க்காத அறைக்கு ஒரு யூரோகூட முன்பணம் அனுப்ப வேண்டாம்.

துணைக்கு மனிதர்கள் கிடைப்பார்கள். ஹாம் நகரில் 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது, ஈழத்தமிழர்கள் எழுப்பியது. தேர்த்திருவிழா அன்று தொழிற்பேட்டை நடுவே பல்லாயிரம் பேர் கூடுவார்கள். மாமாவும் அவர் மனைவியும் என்னைக் கூட்டிப்போனார்கள். வடம் பிடித்தபோது எனக்கு முன்னால் ஒரு ஜெர்மானிய அம்மா சேலையைக் கொசுவிச் செருகிக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

உங்கள் தங்கை இப்போது செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. அவள் ஆசைப்படும் ஒவ்வொரு படிப்புக்கும் மாடுல் ஹாண்ட்புக் என்று ஒரு கோப்பு பல்கலைக்கழக இணையதளத்தில் இலவசமாக இருக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் எத்தனை மணி நேரம் தானாகப் படிக்க வேண்டும், எழுத்துத் தேர்வா வாய்மொழித் தேர்வா, முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அதை அச்செடுத்து உட்கார்ந்து படிக்கட்டும். புரியாத இடத்தில் கோடு போட்டு, பாடத்திட்ட ஆலோசகரின் முகவரிக்கு அவளே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள்.