அச்சிட்ட ஸ்கேலில் 10 செ.மீ. ஏன் 10.3 ஆகத் தெரிகிறது?

இணையத்தில் கிடைத்த ஸ்கேலை ஏ4 தாளில் அச்சிட்டு அளந்தால், 10 செ.மீ. நீளப் பொருள் 10.3 காட்டுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளில் தவறில்லை, உங்கள் ஸ்கேல்தான் சுருங்கிவிட்டது.

இப்படிப்பட்ட கோப்புகள் பல, அமெரிக்காவில் புழங்கும் லெட்டர் தாளுக்காகச் செய்யப்பட்டவை. அதன் அகலம் 215.9 மி.மீ.; ஏ4 அகலம் 210 மி.மீ. அச்சிடும்போது 'ஃபிட் டு பேஜ்' தேர்வில் இருந்தால், கணினி படத்தை ஏறக்குறைய 97 சதவீதமாகக் குறுக்கிவிடும். உங்கள் 3 மி.மீ. பிழை அதனோடு சரியாகப் பொருந்துகிறது.

அச்சிடும் பெட்டியில் 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100% என்று வையுங்கள். ஜெராக்ஸ் கடையில் எடுப்பதானால், "அளவு மாத்தாம அப்படியே எடுங்கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர் பாட்டுக்குத் தாளுக்கு அடங்குகிற மாதிரி எடுத்துக் கொடுத்துவிடுவார்.

சரிபார்க்க வேறு ஸ்கேல் வேண்டாம். ஏடிஎம் கார்டு போதும்: நீளம் 85.6 மி.மீ., அகலம் ஏறத்தாழ 54 மி.மீ. எந்த வங்கியுடையதானாலும் இதே அளவுதான். கார்டைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்துப் பாருங்கள். சில பிரிண்டர்கள் தாளை இழுக்கும் திசையில் மட்டும் சற்று நீட்டிவிடும்.

அளக்கும்போது கண் கோட்டுக்கு நேர் மேலே இருக்கட்டும். பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யம் பெரும்பாலும் விளிம்பில் இருக்காது, சற்று உள்ளே தள்ளியிருக்கும். முனை தேய்ந்திருந்தால் 1-இலிருந்து தொடங்கி, விடையில் ஒன்றைக் கழியுங்கள் (கழிக்க மறந்து நான் துணியை வீணாக்கியதுண்டு).

மோதிர அளவு எடுக்கக் காகிதத்தை நம்பாதீர்கள். அங்கே அரை மி.மீ. கூட விரலை இறுக்கும்.