செம்மறி ஆட்டு ரோமத்துக்கு மறுபடியும் மதிப்பு வருமா?

‘ரோமத்தை விற்றால் கத்தரிக்கிற கூலிக்குக்கூடக் காணவில்லை என்கிறார்களே, இதை மாற்ற முடியுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும் என்று நம்புகிறேன். சில வருடங்களாகக் கையால் கம்பளி நூற்று வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

எல்லா ரோமமும் விலை போகாமல் கிடக்கவில்லை. மெரினோ என்ற செம்மறி இனத்தின் இழை 24 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குள் இருக்கும், உடம்பில் குத்தாது. அதை வாங்க இன்றும் ஆள் உண்டு. தேங்குவது 30 மைக்ரானைத் தாண்டிய முரட்டு ரோமம். முன்பு கம்பளத்துக்கும் போர்வைக்கும் போய்க்கொண்டிருந்தது. செயற்கை இழைகள் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. உலக இழை உற்பத்தியில் கம்பளியின் பங்கு இப்போது சுமார் 1 சதவீதம்தான்.

முரட்டு ரோமத்தை ஸ்வெட்டராக்கினால் யாரும் போடமாட்டார்கள். வீட்டுக்குள் வெயிலும் குளிரும் இறங்காமல் தடுக்க, சுவருக்குள்ளும் கூரைக்கு அடியிலும் அடைத்துப் பாருங்கள், அதன் அருமை தெரியும். தன் எடையில் 30 சதவீதம் வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்ததாகத் தெரியாது. தீ எளிதில் பற்றாது, பாலியஸ்டர் போல உருகி ஒட்டவும் செய்யாது. அந்துப்பூச்சிக்கு மட்டும் முன்கூட்டியே பக்குவம் செய்ய வேண்டும். அப்புறம், எதற்கும் ஆகாத வயிற்று ரோமத்தை நான் தொட்டிச் செடிகளின் வேரடியில் போடுகிறேன். கெரட்டின் என்ற புரதம்தானே, மெதுவாக மக்கி நைட்ரஜன் தரும். மண்ணின் ஈரத்தையும் பிடித்துவைக்கும்.

ஆனால் மதிப்பு கூடுவதும் குறைவதும் கத்தரிக்கும் இடத்தில்தான். எனக்கு முதன்முதலில் கிடைத்த மூட்டையில் வைக்கோல், முள், அடையாளத்துக்குப் பூசிய பெயின்ட் எல்லாம் கலந்திருந்தன. ஒரே இடத்தில் இரண்டு தடவை கத்தரி ஓட்டியதால் குட்டைத் துணுக்குகள் வேறு. சுத்தம் செய்யவே நாள் கணக்கில் ஆனது. பாதியைத் தூக்கிப் போட்டேன். அத்தனையும் நல்ல இழை, இன்னமும் மனசு ஆறவில்லை.

2010இல், அன்று இளவரசராக இருந்த சார்லஸின் ஆதரவோடு ‘கேம்பெயின் ஃபார் வுல்’ என்ற இயக்கம் பிரிட்டனில் தொடங்கி, கம்பளியின் நல்ல குணங்களை வாங்குபவர்களிடம் எடுத்துச் சொன்னது. அது தேவையான வேலை. ஆனால் வாங்க வருபவர் கையில் சுத்தமான ரோமம் கிடைத்தாக வேண்டுமே!

நீங்கள் ஆடு வளர்ப்பவரானால், அடுத்த முறை ஆடு நன்றாகக் காய்ந்திருக்கும்போது சுத்தமான தரையில் கத்தரியுங்கள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். முதுகும் விலாவும் ஒரு மூட்டை, வயிறும் காலும் இன்னொன்று. முதல் மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடியை நூற்பவர் யாரிடமாவது காட்டி, எதற்கு ஆகும் என்று கேட்டுவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.