2021 ஃபைல் 2027-க்கு ஆகும், 2022 ஃபைல் 2028-க்கு ஆகாது

திருமங்கலத்திலிருந்து ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வருஷா வருஷம் வாடிக்கையாளர்களுக்கு மாத காலண்டர் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். இந்த முறை வந்த ஏஜென்ட், ‘2021-க்கு உங்களுக்கு அடித்த ஃபைல் அப்படியே இருக்கிறது, 2027-ம் அதே காலண்டர்தான், வருஷத்தை மட்டும் மாற்றினால் போதும், விலையில் குறைத்துக்கொள்ளலாம்’ என்கிறார். ஆறு வருஷத்துக்கு ஒருமுறை காலண்டர் திரும்பி வருமாம். 2028-க்கும் இப்போதே சேர்த்து அட்வான்ஸ் கொடுத்தால் 2022 ஃபைலை வைத்து இன்னும் மலிவாக முடித்துத் தருவாராம். நம்பலாமா? அப்பா 2010 காலண்டர் ஒன்றை மீனாட்சியம்மன் படத்துக்காகக் கழற்றாமல் வைத்திருக்கிறார். அதுவும் 2027-க்குப் பொருந்தும் என்கிறாரே?”

பொருந்தும். 2010, 2021, 2027 மூன்றும் வெள்ளிக்கிழமையில் பிறக்கிற ஆண்டுகள், மூன்றுக்கும் பிப்ரவரி 28 நாள்தான். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை எந்தத் தேதியை எடுத்தாலும் கிழமை ஒன்றாகவே இருக்கும். அப்பாவின் காலண்டரைத் தாராளமாகக் கிழமை பார்க்க வைத்துக்கொள்ளலாம். ஆனால் 2028-க்காக ஒரு ரூபாய்கூட இப்போது கொடுக்காதீர்கள். ஏஜென்ட் சொன்ன ஆறு வருஷக் கணக்கு 2027-க்குச் சரியாக அமைந்துவிட்டது. அதை அடுத்த வருஷத்துக்கும் நீட்டினால் தப்பு.

கணக்கு பெரிய வித்தை இல்லை. 365 நாளை ஏழால் வகுத்தால் 52 வாரம் போக ஒரு நாள் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு ஆண்டும் முந்தைய ஆண்டைவிட ஒரு கிழமை தள்ளிப் பிறக்கிறது. லீப் ஆண்டில் மிஞ்சுவது இரண்டு நாள், அதற்கு அடுத்த ஆண்டு இரண்டு கிழமை தாண்டிப் போய்விடும். இப்படித் தள்ளித் தள்ளி மொத்தம் ஏழு சேர்ந்தால் பழைய கிழமைக்கே வந்து நிற்போம். 2021, 2022, 2023-க்கு ஒவ்வொன்று, 2024 லீப் என்பதால் இரண்டு, 2025, 2026-க்கு ஒவ்வொன்று. கூட்டினால் ஏழு. அதனால்தான் 2027 அப்படியே 2021.

இதையே 2022-லிருந்து கூட்டிப் பாருங்கள். 2022, 2023-க்கு இரண்டு, 2024-க்கு இரண்டு, 2025, 2026, 2027-க்கு மூன்று. இதுவும் ஏழுதான். 2022-ம் சனிக்கிழமை பிறந்தது, 2028-ம் சனிக்கிழமைதான் பிறக்கப் போகிறது. ஏஜென்ட் ஜனவரி 1-ஐ மட்டும் பார்த்திருக்கிறார், சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். பெரும்பாலோர் விழுகிற குழி இது. ஜனவரி முழுக்க ஒத்துப்போகும், பிப்ரவரி 28 வரை ஒத்துப்போகும், புரூஃபில், அதாவது அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தருகிற மாதிரித் தாளில், முதல் இரண்டு மாதத்தைப் பார்த்தவர் ‘ஓகே’ என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் 2028 லீப் ஆண்டு. பிப்ரவரி 29, செவ்வாய்க்கிழமை, 2022 ஃபைலில் கிடையவே கிடையாது. அங்கேயிருந்து கோளாறு. மார்ச் 1 புதன்கிழமையாக இருக்க வேண்டியது, 2022 ஃபைலில் செவ்வாய் என்று இருக்கும். அதற்குப் பிறகு டிசம்பர் 31 வரை பத்து மாதமும் ஒரு நாள் பிசகு. ஞாயிறு என்று சிவப்பில் அடித்திருப்பதெல்லாம் உண்மையில் திங்கட்கிழமை. சுதந்திர தினம் 2028-ல் செவ்வாய், உங்கள் காலண்டரில் திங்கள். வாடிக்கையாளர் அதைப் பார்த்து லீவு போட்டு ஊருக்கு டிக்கெட் எடுத்தால் ஏஜென்டையா திட்டுவார்? காலண்டரில் இருப்பது உங்கள் கடைப் பெயர்.

அப்படியானால் 2028-க்கு எந்த ஆண்டு? முழுசாகப் பொருந்துவது 2000-ம் ஆண்டுதான். லீப் ஆண்டு மறுபடி அதே உருவில் வர 28 வருஷம் ஆகும். பிய்த்து ஒட்டத்தான் வேண்டுமென்றால் ஜனவரி, பிப்ரவரியை 2022-லிருந்தும், மார்ச் முதல் டிசம்பர் வரை 2023-லிருந்தும் எடுத்து, நடுவில் 29-ஐச் சேர்க்கலாம். கிழமை சரியாக வரும். அதற்குப் புதிதாகவே கம்போஸ் செய்துவிடலாம், அதுதான் நிம்மதி.

நீங்களே சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஆண்டை நாலால் வகுங்கள். மீதி 1 வந்தால் அந்தக் காலண்டர் ஆறு வருஷம் கழித்துத் திரும்பும். மீதி 2 அல்லது 3 என்றால் பதினொரு வருஷம். மீதியே இல்லை என்றால் 28. 2021-க்கு மீதி 1, ஆகவே 2027. 2022-க்கு மீதி 2, ஆகவே அது திரும்புவது 2033-ல். உங்கள் பேரன் கடைக்கு வரும்வரைக்கும் இந்தக் கணக்கு போதும். புரூஃப் வந்ததும் மூன்று தேதியைப் பாருங்கள்: ஜனவரி 1, மார்ச் 1, டிசம்பர் 31. சாதாரண ஆண்டில் முதல் நாளும் கடைசி நாளும் ஒரே கிழமை. 2027-ல் இரண்டும் வெள்ளி. லீப் ஆண்டில் கடைசி நாள் ஒரு கிழமை கூடுதலாக இருக்கும். 2028 சனியில் தொடங்கி ஞாயிறில் முடியும்.

சரி, கிழமை முடிந்தது. ஆனால் நம் ஊரில் காலண்டரை யார் கிழமைக்காக மட்டும் பார்க்கிறார்கள்? அமாவாசை என்றைக்கு, முகூர்த்த நாள் எது, கிருத்திகை எப்போது என்றுதான் பார்க்கிறார்கள். இதெல்லாம் நிலாவை வைத்து வருபவை. நிலாவுக்கும் நம் வாரக் கணக்குக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 2021-ல் தீபாவளி நவம்பர் 4. 2027-ல் அக்டோபர் கடைசியிலேயே வந்துவிடும். 2021-ல் ரம்ஜான் மே 14. 2027-ல் மார்ச்சிலேயே முடிந்துவிடும். ஈஸ்டர் 2021-ல் ஏப்ரல் 4, 2027-ல் மார்ச் 28. மதுரைக்காரர்களுக்கு முக்கியமானதைச் சொல்கிறேன்: அழகர் ஆற்றில் இறங்குகிற சித்ரா பௌர்ணமி 2021-ஐவிட 2027-ல் ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாக வரும். பழைய ஃபைலில் எண்ணை மட்டும் மாற்றி அடித்தால் அழகரையே தப்பான நாளில் இறக்கிவிட்ட பாவம் உங்களைச் சேரும்.

நிலாக் கணக்கு திரும்ப 19 வருஷம் ஆகும். 2027-ன் அமாவாசை, பௌர்ணமித் தேதிகள் 2008-ன் தேதிகளை ஒட்டி, ஒரு நாள் முன்பின்னாக வரும். ஆனால் 2008-ன் கிழமை பொருந்தாது. இரண்டும் ஒருசேரப் பொருந்துகிற பழைய ஃபைலைத் தேடி யாரும் அலைய வேண்டாம். தமிழ் ஆண்டுப் பெயரும் மாறும். 2021 சித்திரையில் பிறந்தது பிலவ, 2027 சித்திரையில் பிறப்பது பிலவங்க. அவசரத்தில் புரூஃப் பார்ப்பவர் கண்ணில் இது படவே படாது. தமிழ் மாதத் தேதியையும் நம்பாதீர்கள். பொங்கல் சில ஆண்டு ஜனவரி 14, சில ஆண்டு 15 என்று வருகிறதே, அதுபோல மற்ற மாதங்களும் ஒரு நாள் நகரும். ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம் மட்டும் பழைய ஃபைலிலிருந்து அப்படியே எடுக்கலாம். காலண்டரில் அச்சாகும் நேரங்கள் கிழமையை வைத்தே போடப்படுபவை. திங்கள் என்றால் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது, எந்த வருஷமானாலும். சந்திராஷ்டமம் அப்படி இல்லை, தினமும் புதிதாகக் கணிக்க வேண்டும்.

அடுத்தது விடுமுறை. 2021 காலண்டர்கள் 2020-லேயே அச்சாகிவிட்டன. தைப்பூசத்தைத் தமிழக அரசு பொது விடுமுறையாக அறிவித்தது 2021 ஜனவரியில். ஆக, உங்கள் 2021 ஃபைலில் தைப்பூசம் சிவப்பில் இருக்காது. எண்ணை மட்டும் மாற்றினால் 2027-லும் இருக்காது. இதில் அச்சகத்தாரை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புது காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் வாங்கத் தொடங்கிவிடுகிறார்கள். அரசு விடுமுறைப் பட்டியலோ அக்டோபர், நவம்பரில்தான் வருகிறது. குடியரசு தினம், மே தினம், காந்தி ஜெயந்தி எல்லாம் தேதி மாறாதவை. தீபாவளியைப் பஞ்சாங்கக்காரர்கள் பல வருஷம் முன்னாலேயே கணித்துச் சொல்லிவிடுவார்கள். பிறை பார்த்து அறிவிக்கிற பண்டிகைகளுக்கு மட்டும் ஒரு குறிப்புப் போட்டுவிட்டு, மீதியை ஜூலையிலேயே வெளியிட்டால் என்ன குறைந்துவிடும்? அரசு அலுவலகத்தில் கோப்பு நகர்த்துகிற வேகத்துக்கு, அச்சகத்தாரில் பாதிப் பேர் போன வருஷப் பட்டியலைப் பார்த்து உத்தேசமாகச் சிவப்பு அடித்துவிட்டு, பிறகு திருத்த ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டையால் சில விசேஷங்களுக்கு இரண்டு தேதி வேறு. உங்கள் கடைக்கு வருபவர்கள் எந்தப் பஞ்சாங்கம் பார்க்கிறார்களோ அதையே போடச் சொல்லுங்கள், இரண்டையும் கலக்க விடாதீர்கள்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருகிறேன். எல்லா ஏஜென்டும் மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் ‘புரூஃப் பார்க்க வேண்டாம்’ என்று எவர் சொன்னாலும் அவரை நம்பாதீர்கள். புரூஃப் இல்லாமல் மிச்சமாகிற பணம் முழுவதும் உங்களுக்கு வராது. காலண்டரில் செலவு அட்டை, தாள், அச்சு, தகரப் பட்டை, கூலி ஆகியவற்றில்தான் இருக்கிறது. தேதி கம்போஸ் செய்கிற செலவு அதில் சொற்பம், அதுவும் ஒரே தேதிப் பக்கத்தைப் பல கடைகளுக்கு அடிக்கிறார்கள். அதை மிச்சப்படுத்தி விலையைக் குறைக்கிறேன் என்றால், குறைப்பு வேறெங்கோ நடக்கிறது. அட்டை கனத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். போன வருஷக் காலண்டரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து அட்வான்ஸ் என்பது இன்னும் மோசம். 2028-க்கான விடுமுறைப் பட்டியலே வந்திருக்காது, அதற்குள் எதை அடித்துத் தரப்போகிறார்? அட்வான்ஸை ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல் அச்சகத்தின் கணக்கிலேயே போட்டு, ரசீதில் எத்தனை காலண்டர், என்ன அளவு, எப்போது டெலிவரி என்று எழுதி வாங்குங்கள். அச்சகத்தின் பெயரைச் சொல்ல ஏஜென்ட் மழுப்பினால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சிவகாசி உங்களுக்குத் தூரமில்லை. காலையில் பஸ் ஏறினால் வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலத்துக்குள் கடைக்குத் திரும்பிவிடலாம்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். 2027 ஜனவரியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் ஐந்தைந்து முறை வரும். ‘823 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் அதிசயம், பத்துப் பேருக்கு அனுப்பினால் பணம் கொட்டும்’ என்று வாட்ஸ்அப்பில் வரும், பாருங்கள். 2021 ஜனவரியிலும் அப்படித்தான் இருந்தது. 31 நாள் உள்ள எந்த மாதம் வெள்ளியில் பிறந்தாலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் ஏஜென்ட் இதைக் காட்டி ஸ்பெஷல் எடிஷன் என்று கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

2027-க்குப் பழைய ஃபைலின் கட்டங்களையும் கிழமையையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், திதி, பண்டிகை, விடுமுறை, தமிழ்த் தேதி நான்கையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். புரூஃபை வீட்டுப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு மாதப் பக்கத்திலும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். விடுமுறைப் பட்டியல் வரும்வரை சிவப்பு எண்களை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லிப் பாருங்கள். டிசம்பர் முதல் வாரத்துக்குள் கைக்கு வந்தால் போதும் என்றால் சில அச்சகங்கள் ஒத்துக்கொள்ளும்.