டேட்டா எங்கே போகிறது, கோப்பு எங்கிருந்து வருகிறது: கேள்வி பதில்

அவிநாசி வட்டாரத்தில் 17 ஆண்டுகளாக வீடுகளுக்கும் குடோன்களுக்கும் இணைய இணைப்புக் கொடுத்துப் பராமரித்து வருபவர் பதிலளிக்கிறார்.

பல்லடம்: அன்லிமிடெட் என்று சொல்லித்தான் இணைப்புக் கொடுத்தார்கள். ஆனால் மாதக் கடைசி வாரம் வேகம் படுத்துவிடுகிறது. வீட்டில் மூன்று பேர்தான். தறிக்குடோனில் ஐந்து கேமராக்கள் உள்ளன.

ஐயா, அன்லிமிடெட் என்று விற்கப்படும் பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி என்பது போன்ற எஃப்யூபி வரம்பு, அதாவது முழு வேகத்தில் பயன்படுத்தக்கூடிய அளவு, உண்டு. அதைத் தாண்டினால் இணைப்பு அறுந்துபோகாது. வேகம் மட்டும் குறையும். பதிவிறக்குவது மட்டுமல்லாமல், உங்கள் இடத்திலிருந்து வெளியே அனுப்புவதும் இந்தக் கணக்கில் சேரும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வேகத்தில் இரவும் பகலும் படத்தைக் கிளவுடுக்கு, அதாவது இணையத்தில் உள்ள சேமிப்பிடத்துக்கு, அனுப்பினால் நாளொன்றுக்கு 21.6 ஜிபி ஆகிறது. ஐந்து கேமராவுக்கு 108 ஜிபி. முப்பது நாளைக்கு 3,240 ஜிபி. வீட்டுக்கு மிஞ்சுவது வெறும் 60 ஜிபி. டிவியில் 4கே படம் ஒரு மணி நேரம் ஓடினாலே ஏறத்தாழ 7 ஜிபி போய்விடும். பதிவைக் கேமராப் படங்களைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியின் ஹார்டு டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டு, நடமாட்டம் தெரியும்போது மட்டும் கிளவுடுக்கு அனுப்பும்படி மாற்றுங்கள்.

கோபி: 100 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டுகிறேன். பதிவிறக்கும்போது 12தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. பிளானில் சொல்வது பிட், திரையில் காட்டுவது பைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5.

காங்கேயம்: செல்போன் சிம்முக்குத் தோட்டத்தில் சிக்னல் கிடைப்பதில்லை.

இது என் துறை அல்ல. சிம் நிறுவனத்தாரிடம் கேளுங்கள்.

ஈரோடு: முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் அங்கிருந்து எதையும் பதிவிறக்கலாம் அல்லவா?

கூடாது. நீங்கள் பார்க்கும் தளத்துக்கும் உங்களுக்கும் இடையில் வேறு யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே அந்தப் பூட்டின் பொருள்.

ஈரோடு, மீண்டும்: வங்கியே பூட்டைப் பார்க்கச் சொன்னதே, அண்ணா?

பூட்டு இல்லாத இடத்தில் கடவுச்சொல்லைத் தராதீர்கள் என்பதற்காகச் சொன்னது அது. திருடனும் தன் தளத்துக்குச் செலவில்லாமல் பூட்டு வாங்கிவிடலாம். மஞ்சள் மூட்டையின் வாயைத் தைப்பது வழியில் கொட்டாமல் வருவதற்காகத்தான். உள்ளே இருப்பது நல்ல மஞ்சளா என்று உங்கள் ஊர் மண்டியில் மாதிரி பார்த்த பிறகுதானே விலை பேசுகிறார்கள்? கணினிக்கான குரோம் உலாவி 2023இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. மக்கள் அதை நம்பகத்தின் அடையாளமாகத் தவறாகக் கொள்கிறார்கள் என்பதே கூகுள் சொன்ன காரணம்.

திருப்பூர்: தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. திறக்கலாமா?

பெயரின் கடைசியைப் பாருங்கள். ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை அன்று, செயலி. நிறுவினால் உங்கள் ஓடிபி குறுஞ்செய்திகளை அது படிக்கக்கூடும். அனுப்பியவரின் போனே முன்பே பிறர் கைக்குப் போயிருக்கலாம்.

தாராபுரம்: போக்குவரத்து அபராதச் சீட்டு என்று ஒரு கோப்பு வந்துள்ளது.

மேலே சொன்னதேதான்: பெயரின் கடைசியைப் பாருங்கள்.

பெருந்துறை: உழவர் உதவித்தொகைக்கான செயலி என்று வந்ததை அப்பா நிறுவிவிட்டார்.

முதலில் போனின் இணையத்தை அணையுங்கள். வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்திவையுங்கள். பணம் போயிருந்தால் உடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930ஐ அழையுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பணம் கைமாறிக்கொண்டே இருக்கும்.

கோவை: 5 ஜிபி லினக்ஸ் இயங்குதளக் கோப்பை இறக்கினேன். நடுவில் இரண்டு முறை இணைப்பு அறுந்தது. முழுமையாக வந்ததா என்று எப்படி அறிவது?

நல்ல கேள்வி, அம்மணி. வெளியிட்டவர்கள் எஸ்ஹெச்ஏ-256 என்ற பெயரில், கோப்பின் கைரேகை போல, 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு வரியைத் தந்திருப்பார்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் (certutil) என்ற கட்டளையால் உங்கள் கோப்புக்கும் அதே வரியை எடுத்து ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் தளத்துக்குள் புகுந்தவர்கள், பதிவிறக்கச் சுட்டியையே தாங்கள் திருத்திய கோப்புக்குத் திருப்பிவிட்டார்கள். தளமே கைப்பற்றப்பட்டால் அங்குள்ள வரியையும் மாற்றிவிட முடியும் என்பதால், கோப்பு வெளியீட்டாளருடையதுதான் என்று காட்டும் ஜிபிஜி என்ற டிஜிட்டல் கையொப்பத்தையும் சேர்த்துச் சரிபார்த்துவிட்டு நிறுவுங்கள்.