பழைய கேஸ் சிலிண்டரை ஜீப்பில் ஏர் டேங்காக மாட்டலாமா?

கேள்வி கேட்டவரிடம் பழைய மஹிந்திரா எம்எம் 540 ஜீப் இருக்கிறது. ஆஃப்ரோடு போகும்போது டயருக்குக் காற்றடிக்க ஓர் ஏர் டேங்க் வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் சமையல் கேஸ் சிலிண்டரையோ, ஏசி மெக்கானிக் கடையில் கிடைக்கும் காலி சிலிண்டரையோ அதற்கு மாற்றிக்கொள்ளலாமா, ஆயில் பேரலை வெட்டி வெல்டிங் வைத்துக் கூடுதல் டீசல் டேங்க் செய்யலாமா என்று கேட்கிறார்.

காற்றுக்கு லாரி பிரேக் டேங்க், டீசலுக்கு ஜெர்ரிகேன் (கையில் தூக்கிச் செல்லும் எரிபொருள் கேன்). மற்ற எதிலும் கை வைக்காதீர்கள். பட்டறையில் ஜீப் வேலை பார்க்கிறவன் நான். ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

முதலில் டேங்கிலிருந்து எவ்வளவு காற்று கிடைக்கும் என்று பாருங்கள். மணலில் இறங்கும்போது டயரை 16 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைக்கிறோம். ரோட்டுக்கு வந்ததும் 30க்கு ஏற்ற வேண்டும். ஜீப் டயரின் உள் கொள்ளளவு 50 முதல் 60 லிட்டர் வரும். இடையில் உள்ள 14 பிஎஸ்ஐ என்பது கிட்டத்தட்ட 1 பார், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம். அதனால் டயர் ஒன்றுக்கு 50, 60 லிட்டர் சாதாரணக் காற்று வேண்டும். 20 லிட்டர் டேங்கை 8 பாருக்கு ஏற்றி, 2 பார் வரை இறக்கினால் கிடைப்பது 120 லிட்டர். அதாவது இரண்டு டயர், அதிலும் இரண்டாவது மெதுவாகத்தான் ஏறும். நான்கு டயருக்கும் கம்ப்ரஸர் ஓடித்தான் ஆக வேண்டும். டேங்க் வெறும் இருப்புதான். எனவே பெரிய சிலிண்டராகத் தேடி அலைய வேண்டியதில்லை.

அந்த 20 லிட்டரில் அடைபட்டிருக்கும் சக்தியையும் நினைத்துப் பாருங்கள். 8 பாரில் அது ஒரு டன் எடையை ஏறக்குறைய 2 மீட்டர் உயரம் தூக்கப் போதுமானது. டேங்க் கிழிந்தால் அத்தனையும் ஒரே நொடியில் வெளியே வரும். அந்த டேங்க் இருப்பது உங்கள் சீட்டுக்குப் பின்னால்.

இப்போது சமையல் சிலிண்டர். பலத்தில் அதற்குக் குறை ஒன்றும் இல்லை. 14.2 கிலோ சிலிண்டரை 25 கிலோ அழுத்தத்தில் சோதித்துத்தான் வெளியே விடுகிறார்கள். கைப்பிடிப் பட்டையில் ஏ-27, சி-28 என்று எழுதியிருப்பது அடுத்த சோதனைக்கான காலாண்டும் ஆண்டும்தான். சிக்கல் வேறு. அது உங்கள் சொத்து இல்லை, எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. நீங்கள் கட்டியது டெபாசிட் மட்டுமே. அதை வேறு வேலைக்கு மாற்றுவது சட்டப்படி குற்றம். அதையும் தாண்டி, அடைத்த காற்றிலிருந்து சேரும் தண்ணீரை வடிக்க அதன் அடியில் வழி கிடையாது. ஓட்டை போட்டு ஒரு சாக்கெட்டை வெல்டிங் வைத்த அந்த நிமிடமே, தொழிற்சாலையில் சோதித்த பலம் போய்விட்டது. உள்ளே மிச்சமிருக்கும் கேஸில் தீப்பொறி பட்டால் என்ன ஆகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏசி கேஸ் சிலிண்டர் இதைவிட மோசம். ஆனால் நம் ஊர்களில் அதிகம் மாற்றப்படுவது அதுதான். ஆர்-22, ஆர்-134ஏ என்ற ஏசி வாயுக்கள் வரும் அந்தப் பச்சை, நீல உருளைகள் ஒரே முறை நிரப்பித் தூக்கிப் போடுவதற்கென்றே செய்யப்பட்டவை. தகடு மெல்லியது. உள்பக்கம் துருவைத் தாங்க எந்தப் பூச்சும் இல்லை. ஈரமில்லாத குளிர்பதன வாயு இருந்த இடத்தில் நாம் ஈரக்காற்றை அடைக்கிறோம். அடிப்பகுதி உள்ளிருந்தே அரித்துக்கொண்டு வரும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். அதனால்தான் இது ஆபத்து. தீயணைப்பான் உருளையும் வேண்டாம். மிச்சப் பவுடர் ஈரம் பட்டால் அமிலமாகி இரும்பைத் தின்னும்.

லாரி டேங்க் ஏன் சரி? அது பிறந்ததே இந்த வேலைக்குத்தான். லாரியில் பிரேக் காற்று ஓடுவது 8 பார் அளவில். காலையில் வண்டி எடுக்கும்முன் டிரைவர் அடியில் படுத்து டேங்கின் வளையத்தை இழுத்துவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். 'புஸ்' என்று காற்றோடு, தண்ணீரும் ஆயிலும் கலந்து பால் காபி நிறத்தில் ஒன்று பீய்ச்சிக்கொண்டு வரும். அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கித் துருப்பிடிக்க விடாமல் வடிக்கத்தான் வளையம் உள்ள அந்த வால்வு. உங்கள் ஜீப்பிலும் அந்த வால்வு கீழே பார்த்தபடி இருக்குமாறு டேங்கை மாட்டுங்கள்.

முடிந்தால் லாரி ஸ்பேர்ஸ் கடையில் புதிதாக வாங்குங்கள். காயலான் கடையில்தான் எடுப்பேன் என்றால், மேலே உள்ள துளையில் டார்ச் அடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிறு சுத்தியலால் அடியில் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்ற சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அழுத்த அளவு பொறித்த தகடு இல்லாத டேங்கும் வேண்டாம். தேறியதைத் தண்ணீரால் முழுக்க நிரப்பி, பிளம்பர் வைத்திருக்கும் டெஸ்ட் பம்பால் 12 பார் ஏற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். கசிவோ உப்பலோ இருக்கக் கூடாது. இந்தச் சோதனையைக் காற்றால் செய்யவே கூடாது. தண்ணீர் அமுங்காது, அதனால் டேங்க் விட்டாலும் சொட்டுவதோடு போகும்.

மாட்டும்போது டேங்க் உடம்பில் வெல்டிங் வேண்டாம். ரப்பர் வைத்துப் பட்டையால் இறுக்குங்கள். துளைகள் பெரும்பாலும் எம்22 (22 மிமீ) மரை, அதற்கு அடாப்டர் கிடைக்கும். டேங்க் தகட்டில் உள்ள அளவைத் தாண்டாத சேஃப்டி வால்வு கட்டாயம். 8 பாரில் கம்ப்ரஸரை நிறுத்தும் பிரஷர் சுவிட்சும், காற்று பின்னால் திரும்பாத செக் வால்வும் போடுங்கள். பிவிசி பைப்பைக் காற்று லைனுக்குப் போடாதீர்கள், உடைந்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும்.

டீசல் டேங்க் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். காலி பேரல், நிறைந்த பேரலைவிட ஆபத்தானது. உள்ளே காற்றில் 1.4 முதல் 7.6 சதவீதம் பெட்ரோல் ஆவி இருந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். டீசல்தானே என்று துணிவதும் தவறு. மடிப்பில் ஒட்டியிருக்கும் மிச்சம் வெல்டிங் சூட்டில் ஆவியாகும். சோப்பு போட்டுக் கழுவிவிட்டேன் என்பது பாதுகாப்பு ஆகாது. பழைய எரிபொருள் பேரலை வெட்டச் சொல்லி எந்த வெல்டரையும் கேட்காதீர்கள். அவர் ஒப்புக்கொண்டாலும் விடாதீர்கள். டேங்க் செய்ய நாகத் தகடும் வேண்டாம், அதில் பூசிய துத்தநாகம் டீசலில் கரைந்து இன்ஜெக்டரை அடைக்கும். மேலும், கம்பெனி அமைப்பை மாற்றிக் கூடுதல் டேங்க் வைப்பது மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவில் சிக்கலாகலாம்.

ஜெர்ரிகேன் 1930களில் ஜெர்மன் ராணுவத்துக்காக வடிவமைக்கப்பட்டது, 20 லிட்டர். அழுத்தி எடுத்த இரண்டு பாதிகளை வெல்டிங் வைத்து இணைத்தது, அதனால் மூட்டுகள் குறைவு. நிரம்பினாலும் மேலே காற்றுக்கு இடம் இருக்கும், வெயிலில் டீசல் விரியும்போது அது தேவை. பிறகு இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் 4 கேலன் தகர டின்களில் பெட்ரோல் கொண்டுபோய், வழியெல்லாம் ஒழுகவிட்டுப் பெருமளவு இழந்தது. எதிரியிடம் பிடித்த ஜெர்ரிகேன்களைத்தான் அவர்கள் விரும்பி வைத்துக்கொண்டார்கள். தொழிற்சாலையில் செய்த டின்னே கரடுமுரடான பாதையில் மூட்டு விடும் என்றால், நாம் ஒட்டுப்போட்ட பேரல் எத்தனை நாள் தாங்கும்?

கேனை வண்டிக்கு வெளியே, ஸ்பேர் டயர் பக்கம் தாங்கி அடித்து மாட்டுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டாம். நிரப்பும்போது வண்டிக்குள் வைத்து நிரப்பாமல், கீழே இறக்கித் தரையில் வைத்து, பம்ப் முனை கேனின் வாயைத் தொட்டபடி நிரப்புங்கள். பிளாஸ்டிக் விரிப்பு, கார்ப்பெட் மேல் வைத்தால் நிலைமின்சாரம் இறங்க வழியில்லாமல் பொறி பறக்கலாம்.